வாசலில் நிறுத்தப்பட்ட பாட்டு

புத்தகத்துக்கு ஒரு திண்ணை உண்டு. தலைப்புக்குக் கீழே, முதல் வரிக்கு மேலே, வேறு யாரோ எழுதிய இரண்டு வரியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்களே, அந்த இடம். முகப்பு மேற்கோள் என்கிறோம். உள்ளே போகிறவன் அதைத் தாண்டித்தான் போகணும். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்கணும் என்பதெல்லாம் நாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை. அதனால்தான் இதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ஆய்வேட்டின் ஒவ்வொரு இயலுக்கும் மேலே ஒரு குறள் போடச் சொன்னார்கள். போட்டோம். எதுக்குன்னு யாரும் கேட்கலை. பெரியவங்க பேரைச் சொல்லி வாசலைத் தாண்டுகிற அனுமதிச் சீட்டு அது, அவ்வளவுதான்.

அனுமதிச் சீட்டையே ஆயுதமாக்கியவர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ். அமெரிக்கக் கறுப்பர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து மூன்றாண்டுகள் கழித்து, 1868இல் பிறந்தவர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர், ஆண்டு 1895. அவருடைய ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ 1903இல் சிகாகோவில் வெளியானது. பதினான்கு அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. மேலே ஒரு கவிதை: பைரன், ஷில்லர், டென்னிசன், ஸ்வின்பர்ன், பிரௌனிங் அம்மையார் என்று பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெரும்புள்ளிகள். ஷில்லரை ஜெர்மன் மொழியிலேயே போட்டிருக்கிறார். அதற்குக் கீழே மேற்கத்திய இசைக்குறியில் ஒரு துண்டு மெட்டு. பாட்டின் பெயர் கிடையாது, சொல்லும் கிடையாது. ஐந்து கோடுகளும் அதில் தொங்கும் புள்ளிகளும் மட்டும்.

அந்த மெட்டுகள் அடிமைகள் பாடியவை. துயரப் பாடல்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார் அவர்.

இதிலுள்ள விளையாட்டைப் பாருங்கள். இசைக்குறி படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் பியானோ உள்ள வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு மெட்டு கிடைக்கும், சொல் கிடைக்காது. அந்தப் பாட்டுகளை உண்டாக்கிய சனங்களுக்குச் சொல் தெரியும், மெட்டு தெரியும். ஆனால் இந்தக் கோடும் புள்ளியும் தெரியாது. எழுத்துப் படிக்கவே தண்டனை என்றிருந்த நாட்டில் இசைக்குறியை யார் சொல்லித் தந்தார்கள்? இரண்டு பக்கமும் போய்வரத் தெரிந்த ஆள், நடுவில் நின்று, இருவருக்கும் பாதிப் பாதி கொடுக்கிறார். ஊமையாக நிற்கும் அந்த மெட்டைப் பார்த்து, ‘இதுக்குச் சொல் எங்கே?’ என்று கேட்க வைப்பதுதான் அவர் நோக்கம் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் அத்தியாயத்தைத் தனியாகச் சொல்லணும். அது புக்கர் டி. வாஷிங்டனைப் பற்றியது. 1895இல் அட்லாண்டாவில் பேசிய பேச்சால் வெள்ளையர் கொண்டாடிய கறுப்பர் தலைவர். ஓட்டுரிமைக்காகவும் சம உரிமைக்காகவும் இப்போது கிளர்ச்சி வேண்டாம். கைத்தொழில் கற்போம், சம்பாதிப்போம், மரியாதை தானாக வரும் என்றார். (நம்மிடமும் இந்தக் குரல் உண்டு, பெயர்தான் வேறே.) டூ பாய்ஸ் அவரை மறுத்து எழுதுகிற உரைநடை மிகவும் பண்பானது. ஆளுடைய உழைப்பை ஒப்புக்கொண்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் தலைமாட்டில் யாரை வைத்தார் தெரியுமா? பைரனை. விடுதலை வேண்டுகிறவன் தன் கையாலேயே அடிக்க வேண்டும் என்று பரம்பரை அடிமைகளைப் பார்த்துச் சொல்லும் வரிகள். பைரன் அதை எழுதியது துருக்கியருக்குக் கீழே கிடந்த கிரேக்கர்களுக்காக, அச்சானது 1812இல். அடிமையாயிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1855இல் தன் வாழ்க்கை வரலாற்றில் அதே வரிகளை எடுத்தாண்டார், தன்னை வதைத்தவனை எதிர்த்து அடித்த இடத்தில். ஆக 1903இல் அந்த வரி பைரனுடையதாக மட்டும் இல்லை. கறுப்பர் கை பட்டுப் பழகிய வரி. உள்ளே மரியாதையாகப் பேசிய மனுஷன், சொல்லாமல் விட்டதைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்.

இப்படியே பதிமூன்று அத்தியாயம். கடைசி அத்தியாயம் அந்தப் பாடல்களைப் பற்றியது. அதன் தலைமாட்டில் வெள்ளைக் கவிஞன் இல்லை. பைரன் உட்கார்ந்த இடத்தில் அடிமையின் பாட்டு, சொற்களோடு. கீழே கவிஞர் பெயருக்குப் பதில் நீக்ரோப் பாடல் என்று மட்டும் இருக்கிறது. அத்தியாயத்துக்குள்ளே போனால், முன்னால் ஊமையாக வந்த மெட்டுகள் சிலவற்றுக்குப் பெயர் சொல்கிறார். முதல் அத்தியாயத்தின் மேலே இருந்தது, நான் பட்ட துன்பம் யாருக்கும் தெரியாது என்று புலம்பும் பாட்டு! புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டியிருக்கிறது. அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட பாட்டி ஒருத்தி தன் குழந்தைக்குப் பாடிய பாட்டு அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது. அதன் சொற்களுக்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் விடாமல் பாடினார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் சிறுபிரசுரங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்த இடம்தான். கறுப்பிலக்கிய மொழிபெயர்ப்பு ஒன்றில் முகப்பு வரிகளைக் காணோமே என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். “அது வேற யாரோ எழுதுனதுதானே தோழர், ஒரு பக்கம் மிச்சம்” என்றார். காகித விலை எனக்கும் தெரியும். ஆனால் டூ பாய்ஸ் நூலில் அதை எடுத்துவிட்டால் கடைசி அத்தியாயம் வெறும் இசைக் கட்டுரையாகிப் போகும். பாட்டு வாசலிலிருந்து உள்ளே வந்த வரலாறே மறைந்துவிடும்.

அம்பேத்கருக்கு டூ பாய்ஸைத் தெரியும். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில், கொலம்பியாவில் படித்தவர். 1946 ஜூலையில் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். உங்கள் பெயரை அறிவேன், தீண்டப்படாதோரிடம் எனக்கு அனுதாபம் உண்டு என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்துக்கு ஓராண்டு முன்பு, 1945இல் வந்தது ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன?’ முகப்பில் துசிடிடிஸ். எங்களுக்கு எசமானர்களாக இருப்பது உங்களுக்கு லாபமாயிருக்கலாம், உங்களுக்கு அடிமையாயிருப்பதில் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்கும் வரி. கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியதுதான். ஆனால் கேட்பது அவரல்ல, மீலோஸ் என்ற சின்னத் தீவின் சனங்கள். கேட்டது கப்பற்படையோடு வந்து நின்ற ஏதென்ஸ்காரர்களிடம். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று பாடப்புத்தகம் சொல்லுமே, அதே ஏதென்ஸ். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து, ஏதென்ஸின் பெருமையைக் கரைத்துக் குடித்துவிட்டு சுதந்திரம் பேசியவர்களின் கண்ணுக்கு நேரே அந்த வரியை வைத்தார் அம்பேத்கர். உங்க படிப்புலேயே இருக்கு, பார்த்துக்குங்க என்பது மாதிரி.

மீலோஸ் பணியவில்லை. கி.மு. 416இல் முற்றுகை தொடங்கியது. தீவு விழுந்ததும் வயதுவந்த ஆண்களை ஏதென்ஸ் கொன்றது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது, ஊரில் தன் ஆட்கள் 500 பேரைக் குடியேற்றியது. இந்த முடிவை அம்பேத்கர் முகப்பில் எழுதவில்லை. கேள்வியை மட்டும் வைத்தார். அவருடைய முதல் அத்தியாயம், 1917இல் கல்கத்தாவில் காங்கிரஸ் நம்மைப் பற்றி முதன்முதலாக ஒரு தீர்மானம் போட்டதே, அது எதற்காக என்பதிலிருந்து தொடங்குகிறது.