இரவல் அணி

டூட்டிங் பெக் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பர் டூட்டிங் ரோடு வழியாக டூட்டிங் பிராட்வே வரை நடந்தால் நாலைந்து நாடுகளைக் கடந்துவிடலாம். தோசைக் கடை, கொத்துரொட்டிக் கடை, பாகிஸ்தானியர்களின் கபாப் கடை, வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவித்த மளிகைக் கடை, நடுவே முத்துமாரி அம்மன் கோவில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தெற்கு லண்டனுக்கு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் பலருக்கு இந்தத் தெருதான் கடைத்தெரு. இங்கே ஒருவரிடம் ‘எந்த நாடு?’ என்று கேட்டால், பிறந்த நாடா, பாஸ்போர்ட் தந்த நாடா, மனசுக்குள் இருக்கும் நாடா என்று பதில் மூன்றாகப் பிரியும்.

‘பஸ்ஸர்பீட்டர்’ விளையாட்டில் சேரப்போனாலும் எடுத்த எடுப்பில் வருவது அதே கேள்விதான். 2007-ல் தொடங்கிய இணையக் கூடைப்பந்து விளையாட்டு அது. பந்தைத் தொடும் வேலையே கிடையாது. நாட்டைச் சொன்னதும் அந்த நாட்டு லீக்கில் ஒரு கிளப் கைக்கு வரும். ஆட்களை வாங்குவதும் விற்பதும், பயிற்சி கொடுப்பதும், யாரை எந்த இடத்தில் இறக்குவது என்று முடிவு செய்வதும் மேனேஜர் பொறுப்பு. ஆட்டத்தைக் கணினி ஆடிவிட்டுப் புள்ளிகளைச் சொல்லும். இந்தக் கிளப்புகளுக்கெல்லாம் மேலே இன்னொரு நாற்காலி உண்டு: நாட்டணியின் மேனேஜர். அதில் உட்காருபவருக்குச் சொந்தமாக ஓர் ஆட்டக்காரர்கூடக் கிடையாது. அணி முழுக்க இரவல்.

அந்த நாற்காலிக்கு நீண்ட முன்கதை இருக்கிறது. அதில் பெரும்பகுதி இங்கிலாந்தில் நடந்தது.

1982-ல் கெவின் டாம்ஸ் என்பவர் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற விளையாட்டைத் தானே எழுதி, ‘அடிக்டிவ் கேம்ஸ்’ என்ற பெயரில் தானே விற்றார். அதற்கு முன் அவர் மனதில் இருந்தது அட்டையில் ஆடும் விளையாட்டு. வீட்டுக் கணினிகள் வந்ததும் அதே யோசனையை பேசிக் மொழியில் நிரலாக எழுதினார். பெட்டியின் மேலே தாடியோடு சிரிக்கும் அவர் முகமே விளம்பரம். திரையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்காகவே பிள்ளைகள் விடிய விடிய விழித்திருந்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த பால் கொலியர், ஆலிவர் கொலியர் என்ற சகோதரர்கள் வீட்டிலேயே எழுதிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 1992-ல் வெளியானது. முதல் பதிப்பில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் கற்பனை. அடுத்த ஆண்டு உண்மைப் பெயர்கள் வந்தன. விளையாட்டின் தலையெழுத்தே மாறியது. சகோதரர்கள் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்’ நிறுவனம் வடக்கு லண்டனின் இஸ்லிங்டனில் வளர்ந்தது. டூட்டிங்கில் நார்தர்ன் லைன் ஏறினால் அந்தப் பகுதிக்கு ரயில் மாறாமலே போகலாம். வெளியீட்டாளரிடமிருந்து பிரிந்தபோது பழைய பெயரை அவரிடமே விட்டுவிட வேண்டியதாயிற்று. 2004-ல் புதிதாகச் சூட்டிய பெயர், டாம்ஸ் முன்பு வைத்திருந்த அதே ‘ஃபுட்பால் மேனேஜர்’.

உண்மைப் பெயர்கள் வந்தபின் உண்மைத் தகவலும் தேவைப்பட்டது. நாடு நாடாக, கிளப் கிளப்பாக ஆட்டம் பார்த்துக் குறிப்பு அனுப்பும் ஆட்கள் சேர்ந்தார்கள். பெயர், வயது, உயரம் ஆகியவற்றோடு அந்தக் குறிப்பில் ‘இரண்டாவது குடியுரிமை’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். நாட்டணி மேனேஜர் முதலில் தேடுவது அந்தக் கட்டத்தைத்தான். அதன் மதிப்பு தெரிய வேண்டுமானால் டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட் என்ற உள்ளூர் கிளப்பையே பார்க்கலாம். வாண்ட்ஸ்வொர்த்தில் பிறந்த மிக்கேல் அன்டோனியோ அங்கே ஆடிக்கொண்டிருந்துவிட்டு 2008-ல் ரெடிங் கிளப்புக்குப் போனார். பிறகு வெஸ்ட் ஹாம். 2016-ல் இங்கிலாந்து அணிக்கு அழைப்பு வந்தது. களமிறங்கும் வாய்ப்பு வரவில்லை. 2021-ல் குடும்பத்தின் பூர்வீகமான ஜமைக்காவுக்கு ஆடத் தொடங்கினார். ஒரே ஆள், ஒரே கால்கள். கட்டத்தில் எழுதிய நாடு மட்டும் வேறு.

ஆனாலும் தனியாக ஆடும் விளையாட்டில் நாட்டணி நாற்காலிக்கு மவுசு குறைவு. ஆண்டுக்குச் சில ஆட்டங்கள்தான்; ஆளை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. 2024-ல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ விளையாட்டின் நிறுவனம் அடுத்த பதிப்பில் நாட்டணி நிர்வாகம் இருக்காது என்று அறிவித்தது. அந்தப் பதிப்பே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது தனிக்கதை.

இணையத்தில் நிலைமை தலைகீழ். 1997-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் ஹோல்மர் தொடங்கிய ‘ஹாட்ரிக்’ கால்பந்து விளையாட்டில் அணிகளுக்குப் பின்னால் நிஜ மனிதர்கள் இருந்தார்கள். நாட்டணியை யாரிடம் ஒப்படைப்பது என்று வந்தபோது அந்த நாட்டு லீக்கில் ஆடுபவர்களே ஓட்டுப் போட்டார்கள். வேட்பாளர்கள், தேர்தல் அறிக்கை, பிரசாரம், தோற்றவரின் மனக்கசப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. பஸ்ஸர்பீட்டரும் அந்த வழியில்தான் நடந்தது. பெரியவர்களுக்கு ஓர் அணி, 21 வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அணி; இரண்டுக்கும் மேனேஜரைத் தேர்தலே முடிவு செய்யும்.

ஜெயித்து வந்தவருக்கு அடுத்த வேலை கெஞ்சுவது. பஸ்ஸர்பீட்டரில் ஓர் ஆட்டக்காரருக்கு அந்த வாரப் பயிற்சி முழுதாக ஏற வேண்டுமானால், பயிற்சி நடக்கும் இடத்தில் அவர் 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். வாரம் முழுவதும் ஆடிய நிமிடங்கள் மிகக் குறைந்தாலும் உடல் தளரும், மிகக் கூடினாலும் தளரும். அந்த நிமிடங்கள் நாட்டணி மேனேஜரின் கையில் இல்லை. யாரோ ஒரு கிளப் மேனேஜரின் கையில் இருக்கின்றன. அதனால் கடிதம் போகும்: இந்தப் பையனை இந்த வாரம் பந்தைக் கடத்தும் கார்ட் இடத்தில் ஆட வையுங்கள், அடுத்த வாரம் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். கிளப்காரருக்கு அவர் லீக் கவலை. திறன் ஏறினால் சம்பளமும் ஏறும். நாட்டுக்காக ஒருவரை வளர்த்துக்கொண்டே தன் கஜானாவைக் காலி செய்ய யார் சம்மதிப்பார்? சம்மதித்தவர்கள் இருந்தார்கள். சின்ன நாடுகள் பெரிய நாடுகளை எதிர்த்து நின்றது அப்படிப்பட்டவர்களால்தான்.

பயிற்சியால் ஏறாதது ஒன்றுண்டு. உயரம். நெட்டையானவருக்குக் கூடைக்கு அடியில் ஆடும் திறன்கள் சீக்கிரம் வரும், குட்டையானவருக்குப் பந்தைக் கடத்தும் திறன்கள் வரும் என்று விளையாட்டின் கணக்கே அதை ஒட்டி ஓடும். இந்தக் கணக்கைத் தமிழர்களுக்கு விளக்கத் தர்ஜினி சிவலிங்கம் போதும். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர், உயரம் 208 செ.மீ. கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணியின் ஆட்டமே அவருடைய நீட்டிய கையைச் சுற்றி அமைந்தது. 2018-ல் ஆசியக் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். மறு ஆண்டு லிவர்பூல் உலகக் கோப்பையிலும் ஆடினார்.

டூட்டிங்கிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது பிரிக்ஸ்டன். திரையில் நடந்ததெல்லாம் அங்கே மரத்தரையில் நடந்தது. சூடானில் பிறந்த லுவோல் டெங்கின் குடும்பம் போருக்குத் தப்பி எகிப்துக்கு ஓடி, அங்கிருந்து பிரிட்டனில் அடைக்கலம் பெற்றுத் தெற்கு லண்டனின் சவுத் நார்வுட்டில் குடியேறியது. பிரிக்ஸ்டன் டாப்கேட்ஸ் கிளப்பில் ஜிம்மி ராஜர்ஸ் என்ற பயிற்சியாளரிடம் அந்தப் பையன் கூடைப்பந்து பழகினான். பதினான்கு வயதில் அமெரிக்கா; 2004-ல் என்பிஏ; 2006-ல் பிரிட்டிஷ் குடியுரிமை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியின் தூண் அவர்தான். அந்த அணி ஐந்து ஆட்டத்தில் ஒன்றை வென்றது. ஸ்பெயினிடம் தோற்றது ஒரே புள்ளியில்.

2018-ல் இதே தெற்கு லண்டனுக்குத் தமிழர்களின் அணியும் வந்தது. ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளுக்காகக் கோனிஃபா நடத்திய உலகக் கால்பந்துக் கோப்பை அது. லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் 16 அணிகள் ஆடின. 2012-ல் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கோப்பையில் முதன்முதலாகக் களமிறங்கிய தமிழீழ அணி, இந்த முறை மே 31 அன்று புரோம்லி மைதானத்தில் பரவாவைச் சந்தித்தது. பரவாவும் புலம்பெயர்ந்தவர்களின் அணிதான். தெற்கு சோமாலியாவில் வேர், லண்டனில் வீடு. தமிழீழம் 4-0 என்று தோற்றது, முதல் சுற்றைத் தாண்டிக் காலிறுதிக்குப் போகவும் முடியவில்லை. வெவ்வேறு நாடுகளில் வேலைக்கும் படிப்புக்கும் போய்க்கொண்டிருந்த பையன்களைச் சில நாளுக்குக் கேட்டு வாங்கிச் சேர்த்த அணி. அவர்களை விடுவிக்கச் சொல்லி எந்தக் கிளப்பையும் கட்டாயப்படுத்தும் சட்டம் கோனிஃபாவிடம் கிடையாது. பஸ்ஸர்பீட்டரின் நாட்டணி மேனேஜருக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும்.

ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற டெங் 2019-ல் தென்சூடான் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். 2011-ல் பிறந்த நாடு அது. முறையான உள்ளரங்கம்கூட அப்போது அங்கே இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் ஆஸ்திரேலியாவில், அமெரிக்காவில், அகதி முகாம் வழியாகப் போய்ச் சேர்ந்த ஊர்களில். டெங் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். செலவுக்குத் தன் கைக்காசைப் போட்டார். பயிற்சியாளராக ராயல் ஐவியை அழைத்து வந்தார். இரவல் ஆட்களைக் கொண்டு அணி கட்டுவதை இதைவிடப் பெரிய அளவில் யாரும் செய்து காட்டவில்லை. 2023 உலகக் கோப்பையில் அங்கோலாவை 101-78 என்று வென்று, ஆப்பிரிக்க அணிகளில் முதலிடம் பிடித்து, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றார்கள்.

2024 ஜூலை 20 அன்று லண்டன் ஓ2 அரங்கில் அமெரிக்காவோடு பயிற்சி ஆட்டம். இடைவேளையின்போது தென்சூடான் 14 புள்ளி முன்னால். கடைசியில் எட்டு வினாடி மிச்சமிருக்க லெப்ரான் ஜேம்ஸ் போட்ட பந்துதான் அமெரிக்காவைக் காப்பாற்றியது: 101-100. எட்டு நாள் கழித்து ஒலிம்பிக்கில் தென்சூடானின் முதல் ஆட்டம், பிரான்சின் லீல் நகருக்குப் பக்கத்தில், போர்ட்டோ ரிக்கோவுக்கு எதிராக. வீரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் வந்தது அவர்கள் பிரிந்து வந்த சூடானின் தேசிய கீதம். அரங்கத்தில் கூச்சல் எழுந்தது. பாட்டு பாதியில் நின்றது. நெஞ்சில் வைத்த கையோடு அவர்கள் அப்படியே நின்றார்கள். சில நிமிடம் கழித்துச் சரியான கீதம் ஒலித்தது. ஆட்டத்தை 90-79 என்று ஜெயித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.