பின்வாசல் வந்த கதை



வீடு கட்டுகிறவர் தலைவாசல் எந்தத் திசையில் அமைய வேண்டும் என்று பலரைக் கேட்டு, பஞ்சாங்கமும் பார்த்து முடிவு செய்கிறார். பின்வாசலைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. ஆனால் சிங்கப்பூர் நகரின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், தலைவாசலைவிடப் பின்வாசல்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது தெரிய வருகிறது. இன்று அந்தக் கதையை நாம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து இங்கு வந்த நம் முன்னோர் அறிந்த வீட்டுக்கு முன்னே வாசலும் பின்னே கொல்லையும் உண்டு. வாசலையொட்டிய மாடத்தில் அந்தி நேரத்தில் விளக்கு வைப்பார்கள். கொல்லையில், கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில், வாழையோ முருங்கையோ நிற்கும். கதவு எங்கே, விளக்கு எங்கே, மரம் எங்கே என்பதை அந்தந்த வீட்டாரே முடிவு செய்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சிராங்கூன் சாலையிலும் அவர்கள் குடியேறிய கடைவீடுகளோ முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தவை.

கீழே கடை, மேலே குடியிருப்பு, அதுதான் கடைவீடு. அதன் முகப்பு பெரும்பாலும் 16 முதல் 20 அடி அகலமே இருக்கும். உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளம் அந்த அகலத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. ஆனால் உள்ளே நுழைந்தால் வீடு போய்க்கொண்டே இருக்கும். இரு பக்கத்துச் சுவர்களும் அண்டை வீட்டோடு ஒட்டியவை. அவற்றில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முன்பக்கத்திலிருந்து வரவேண்டும். இல்லையேல் நடுவிலுள்ள திறந்த முற்றத்தின் வழியே இறங்க வேண்டும்.

முன்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ராஃபிள்ஸ் 1822 நவம்பரிலேயே கட்டளையாக எழுதிக் கொடுத்துவிட்டார். செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் வீடுகளின் முகப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் தாழ்வாரம் விடவேண்டும். தெரு நெடுக மக்கள் நடந்து செல்ல அது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றார். இதைத்தான் மலாய்க்காரர் காக்கி லீமா என்றும் நாம் ஐந்தடி என்றும் சொல்லி வருகிறோம். மரம் வைக்க ஒரு பிடி மண்ணும் இல்லாத தெருவில் மரத்தின் வேலையை இந்த ஐந்தடி செய்தது எனலாம். வெயிலுக்கும் மழைக்கும் அது ஒதுங்குமிடம் ஆயிற்று.

நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. இதில் சச்சரவு வராமல் இருக்குமா? கடைக்காரர்கள் ஐந்தடியில் சரக்கை அடுக்கினார்கள். அதை அகற்ற நகராட்சி முனைந்தபோது, 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டு, தெருக்களில் கல் பறந்தது. தாழ்வாரக் கலகம் என்று வரலாற்றில் குறிக்கப்படுவது இதுவே.

ஐந்தடியை அடுத்து நின்ற தலைவாசலில் அக்காலத்தார் காட்டிய அறிவு வியக்கத்தக்கது. வசதியுள்ள வீடுகளில் பெரிய கதவுக்கு முன்னால் பிந்து பாகார் எனப்படும் அரைக்கதவு இருக்கும். பகலில் பெரிய கதவைத் திறந்து வைத்து, அரைக்கதவை மட்டும் சாத்துவார்கள். தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரியாது. மேலும் கீழும் காற்று தாராளமாய் வரும். சில வீடுகளில் மாடித் தரையில் சிறு துளை ஒன்றும் உண்டு. அதன் மூடியை விலக்கினால், வாசலில் நிற்பவர் யாரென்று மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கடன் வசூலிக்க வந்தவருக்கு இந்தத் துளை எத்தனை தடவை ஏமாற்றம் தந்ததோ!

முன்பக்கத்துக்கு இவ்வளவு சட்டமும் நுட்பமும் இருந்தன. பின்பக்கத்தைக் கேட்பாரில்லை. நகரில் இடம் அருகியபோது, ஒரு தெருவின் வீடுகளும் அடுத்த தெருவின் வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியபடி கட்டப்பட்டன. அதனால் பின்வாசல் வைக்க இடமே இல்லாமல் போயிற்று. இதன் விளைவை வெளிப்படையாகச் சொல்வதானால், எடுப்புக் கக்கூஸின் கழிவு வாளியைச் சமையற்கட்டு, படுக்குமிடம், கடை ஆகிய எல்லாவற்றையும் கடந்து தலைவாசல் வழியேதான் வெளியே கொண்டுபோக வேண்டும். எந்த வாசலில் கோலமிட்டுச் சரக்கு விற்றார்களோ, அதே வாசல்!

இதற்குள் வீட்டின் உட்புறமும் மாறிவிட்டது. வாடகைக்காக ஒவ்வொரு மாடியையும் பலகைகளால் தடுத்துச் சிற்றறைகள் ஆக்கினார்கள். பல அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. நடுப்பகலில் வெளியே கண் கூசும் வெயில் அடிக்க, உள்ளே விளக்கில்லாமல் முகம் தெரியாது. சயரோகம் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட காசநோய்க்கு இதைவிட நல்ல இருப்பிடம் வேறு வேண்டுமா? தெருவுக்கு 1824இல் தேங்காயெண்ணெய் விளக்கும், 1864இல் எரிவாயு விளக்கும், 1906இல் மின்விளக்கும் வந்தன. ஜன்னலற்ற அறைக்குள் பகலவனின் ஒளி வர வழி பிறக்கவில்லை.

தெருவுக்கு மின்விளக்கு வந்த அதே 1906ஆம் ஆண்டில்தான் பேராசிரியர் சிம்ப்சன் என்ற சுகாதார நிபுணர் சிங்கப்பூருக்கு வரவழைக்கப்பட்டார். அதற்கு முன் கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்தவர் அவர். 1907இல் வெளியான அவருடைய அறிக்கை, வீட்டு வரிசைகளின் நடுவே பின்சந்துகளைத் திறக்க வேண்டுமென்று வற்புறுத்தியது. அதற்கான சட்டமும் பிறகு வந்தது. ஆனால் சந்து வெட்டுவதென்றால் இரு வரிசை வீடுகளின் பின்பகுதியையும் இடிக்க வேண்டும். உரிமையாளர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும். ஆகவே வேலை ஆமை வேகத்தில் நடந்தது. 1927இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்டின் கைக்கு அது மாறிய பிறகும் முடிந்தபாடில்லை.

சிம்ப்சனின் யோசனை சரியானதே. ஆயினும் நெரிசலுக்குக் காரணம் சுவர் மட்டுமல்ல. குறைந்த கூலியும் உயர்ந்த வாடகையும் சேர்ந்தே மக்களைச் சிற்றறைகளில் அடைத்தன. பின்பகுதியை இடித்தபோது அங்கே குடியிருந்த ஏழை வேறொரு நெருக்கமான அறையைத்தான் தேடிப் போயிருப்பார். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி அடுக்குமாடி வீடுகளைக் கட்டிய பின்னரே இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது.

மரமும் அந்தக் காலத்தில்தான் திட்டத்தோடு வந்தது. 1963 ஜூன் 16ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டார். 1971 முதல் நவம்பரில் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. கொல்லை முருங்கைக்கு இடம் பார்த்த வீட்டாருக்குப் பதிலாக, இங்கே நிழலுக்கு இடம் குறித்தது அரசாங்கம்.

பின்சந்து திறந்த இடங்களில் வீட்டுக்குப் பின்வாசல் கிடைத்தது. மேல்மாடியில் குடியிருந்தவர்களுக்காக இரும்பாலோ கான்கிரீட்டாலோ சுருள் படிக்கட்டுகளை வெளிச்சுவரை ஒட்டி வைத்தார்கள். தீப்பிடித்தால் இறங்கி ஓட அது உதவும். கழிவு வாளி எடுப்பவரும் அதன் வழியே ஏறி இறங்கினார். அந்த வாளி முறை 1987 ஜனவரியில் சிங்கப்பூரில் அடியோடு முடிவுற்றது. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டன. நகரின் பழைய சந்துகளில் அந்தச் சுருள் படிக்கட்டுகளை இன்றும் காணலாம். சிலவற்றில் பூந்தொட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.