அன்புக்கும் படிப்பு வேண்டுமா?
சமூகப்பணிப் பட்டப்படிப்பு வந்த வழி

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, மருத்துவத் துறையில் எமது பழைய மாணவியர் பற்றியே நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுதுவதற்கு என்னிலும் தகுதியான மூத்த அக்காமார் இருக்கிறார்கள். நான் எழுத விரும்பியது இன்னொரு படிப்பைப் பற்றி. எமது கல்லூரி விழாக்களில் பட்டம் பெற்றோரின் பெயர்கள் வாசிக்கப்படும்போது வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்று வரிசை நீளும். சமூகப்பணி இளமாணி என்ற பட்டத்தோடு ஒரு பெயரை அந்த வரிசையில் நான் கேட்ட ஞாபகம் இல்லை. ஆனால் எமது மண்ணுக்கு மிகத் தேவையான படிப்புகளில் அதுவும் ஒன்று என்பதை ஒரு தாய் எனக்குக் கற்பித்தார்.

ஒரு புதன்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில் வலிப்பு நோயுள்ள ஆறு வயதுப் பிள்ளை ஒன்று கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. மருந்து தவறும்போதெல்லாம் வலிப்பு வந்து விடுதியில் அனுமதிக்கப்படும். தாயை நான் மூன்று தடவை கடிந்துகொண்டேன். மூன்றாவது தடவை மற்றத் தாய்மார் முன்னிலையில், "பிள்ளையில அக்கறை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. கிளினிக் புத்தகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அப்போது வெளிமாவட்டத்திலிருந்து களப்பயிற்சிக்கு வந்திருந்த சமூகப்பணி மாணவி ஒருத்தி அந்த வீட்டுக்குப் போய்வரலாமா என்று என்னிடம் கேட்டாள். இரண்டு முறை போனாள். முதல் முறை எதுவுமே விசாரிக்காமல் தேநீர் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். இரண்டாம் முறை போனபோது தாயே சொல்லியிருக்கிறார்: "கிளினிக்கும் புதன், லோன்காரன் வாறதும் புதன். நான் வீட்டில நிண்டு காசு குடுக்காட்டி மற்றப் பொம்பிளையள்தான் என்ர பங்கையும் கட்ட வேணும். பிறகு அவையளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

கணவர் இறுதி யுத்த காலத்தில் காணாமற்போனவர். இறப்புச் சான்றிதழ் எடுக்க அந்தத் தாய்க்கு மனம் இல்லை. எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தானே ஒப்பமிட்டுக் கொடுத்ததாகிவிடும். அதனால் சில கொடுப்பனவுகளுக்கும் அவர் விண்ணப்பிக்கவில்லை. வருமானத்துக்கு இருந்தது குழுக் கடனில் வாங்கிய தையல் இயந்திரம் ஒன்றுதான்.

மாணவி செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. என்னிடம் பேசிப் பிள்ளையின் கிளினிக் நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றுவித்தாள். காணாமற்போனவரின் குடும்பம் இறப்பைப் பதியாமலே பெறக்கூடிய சான்றிதழ் ஒன்றுக்கு 2016இல் சட்டம் இடமளித்திருப்பதை விளக்கி, தாயுடன் அலுவலகத்துக்கும் கூடப் போனாள். கடன் தீரவில்லை, கணவரும் வரவில்லை. பிள்ளை மட்டும் மாதந்தோறும் வந்தது. என்னுடைய மருந்துச் சீட்டில் பிழை இருக்கவில்லை. அந்த வீட்டின் புதன்கிழமையைத்தான் நான் அறியாமல் இருந்தேன்.

மருத்துவத்தோடு பிறந்த தொழில்

இந்த அனுபவத்தின் பின்னரே சமூகப்பணியின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அது ஆரம்பத்திலிருந்தே வைத்தியசாலையோடு பின்னிக் கிடப்பதைக் கண்டு வியந்தேன். 1895இல் இலண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலை மேரி ஸ்ருவேட் என்ற பெண்ணை நியமித்தது. இலவச சிகிச்சைக்குத் தகுதியில்லாதவர்களைக் கண்டுபிடிப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட முக்கிய வேலை. அவரோ வாசலில் அமர்ந்து நோயாளரோடு பேசப் பேச, சிகிச்சையின் பயனைப் பெற முடியாதபடி அவர்களைத் தடுப்பது எது என்று பார்க்கத் தொடங்கினார். 1905இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வைத்தியர் றிச்சட் கபொட், நோயாளியின் வீட்டையும் வேலையையும் அறியாமல் தன் சிகிச்சை பலிக்காது என்று கண்டு, மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் சமூகப்பணியாளரைச் சேர்த்துக்கொண்டார்.

படிப்பு உருவானதும் அதே காலத்தில்தான். 1898இல் நியூயோர்க்கில் ஒரு கோடைகாலப் பயிற்சி வகுப்பு நடந்தது. மறு ஆண்டு அம்ஸ்ரர்டாமில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1908இல் பேர்லினில் அலிஸ் சலமன் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியைத் திறந்தார். ஆண், பெண் ஊதிய வேறுபாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற இப்பெண்மணி, யூத குலத்தில் பிறந்தவர் என்பதால் 1937இல் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்.

1915இல் இத்துறைக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. அமெரிக்க மருத்துவக் கல்வியை 1910ஆம் ஆண்டு அறிக்கையால் தலைகீழாக மாற்றிய ஏபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், சமூகப்பணியாளரின் மாநாட்டிலேயே எழுந்து, சமூகப்பணி இன்னும் ஒரு தொழில்வாண்மை ஆகவில்லை என்றார். அதற்கெனத் தனியான நுட்பம் இல்லை, மற்றத் தொழில்களை இணைத்துவிடும் இடைத்தரகாகவே அது இருக்கிறது என்பது அவர் வாதம். இரண்டு ஆண்டுகளின் பின் 1917இல் மேரி றிச்மண்ட் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரிப்பது, யார் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது, கண்டவற்றிலிருந்து எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்று அது படிப்படியாக விளக்கியது. சமூக நோய்நிர்ணயம் என்ற பொருள்படும் தலைப்பை அவர் மருத்துவத்திலிருந்தே எடுத்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒரு பெண்தான், பின்னர் பல்கலைக்கழகங்கள் கற்பித்த பாடநூலை எழுதினார் என்பது எம்மைப் போன்ற பெண்கள் பாடசாலைப் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி.

பம்பாய், சென்னை, கொழும்பு

எமது பக்கத்தில் 1936இல் பம்பாயில் சேர் டொரப்ஜி ராட்டா பட்டப்பின் சமூகப்பணிப் பள்ளி ஆரம்பமானது. இன்று ராட்டா சமூக விஞ்ஞான நிறுவகம் என்று அறியப்படுவது அதுவே. அதன் முதல் பணிப்பாளர் கிளிஃபட் மன்ஷாட், நாக்பாடாவின் தொழிலாளர் குடியிருப்புகள் நடுவே பணிசெய்த அமெரிக்க மிஷனரி. 1946இல் பம்பாய் ஜே.ஜே. வைத்தியசாலை இந்தியாவின் முதல் மருத்துவ சமூகப்பணியாளரை நியமித்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். இளவயதில் கணவரை இழந்து, பொதுத்தொண்டில் இறங்கிய பார்சிப் பெண்மணி அவர். நல்மனம் கொண்ட தொண்டர்களைப் பல ஆண்டுகள் வழிநடத்திய பின்னரே, தொண்டருக்கும் பயிற்சி வேண்டும் என்று பள்ளி ஒன்றை அமைத்தார்.

அதே 1952இல் கொழும்பிலும் சமூகப்பணி நிறுவகம் ஒன்று பிறந்தது. அதை வழிநடத்த வந்தவர் டில்லி சமூகப்பணிப் பள்ளியின் முதல் அதிபராக இருந்த டொரதி மோசஸ் என்ற இந்தியப் பெண்மணி. அதற்கு முன் இந்நாட்டில் உதவி என்பது பெரும்பாலும் நிவாரணமாகவே இருந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரக்கணக்கானோரைப் பலிகொண்டு வறுமையை வெளிச்சமாக்கியது. 1939இல் வறியோர் சட்டம் வந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1948இல் சமூக சேவைத் திணைக்களம் உருவானது. திணைக்களம் வந்ததும் அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

கொழும்பு நிறுவகம் பின்னர் அரசின் கைக்கு வந்தது. 1978இல் இரண்டாண்டு டிப்ளோமா தொடங்கியது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தை அமைத்தது. ஆனாலும் இளமாணிப் பட்டம் 2005 வரை காத்திருந்தது. 2004 டிசம்பர் கடற்கோள், பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் எவ்வளவு குறைவு என்பதை நாட்டுக்கே காட்டியிருந்தது. 2008இல் முதுமாணியும் வந்தது. பள்ளி தொடங்கியதற்கும் பட்டம் கிடைத்ததற்கும் இடையே 53 ஆண்டுகள். அந்த இடைவெளிக்குள்தான் எமது யுத்தத்தின் பெரும்பகுதி நடந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அந்த ஆண்டுகளில் எம்மைத் தாங்கியவர்கள்

நான் அடம்பனில் பிறந்தவள். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள். உயிலங்குளம், தள்ளாடி கடந்து பாடசாலை விடுதிக்கு வந்துபோன காலத்தை என் வயதுத் தோழியர் மறக்கமாட்டார்கள். 1990இல் எத்தனையோ குடும்பங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போயின. எத்தனையோ குடும்பங்கள் மடு மாதாவின் காட்டில் தஞ்சமடைந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் எமது முஸ்லிம் தோழியரின் குடும்பங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தன. 2007, 2008இல் அடம்பனும் அயற்கிராமங்களும் மீண்டும் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் வந்து நின்றன.

இவ்வளவு காலமும் எம்மைத் தாங்கியவர்கள் அருட்சகோதரிகள், குருமார், ஆசிரியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், வாழ்வுதயம் போன்ற மறைமாவட்ட அமைப்பின் தொண்டர்கள், பக்கத்துக் கொட்டிலில் இருந்த பெண்கள் ஆகியோரே. அவர்களிடம் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் என் வகுப்பில் பாதிப்பேர் உயிரோடு இருந்திருக்கமாட்டோம். ஆதலால் பட்டம் இல்லாதவர்களுக்கு உதவத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் மற்றொரு வகை உதவியையும் கண்டோம். படிவத்தோடு வந்து, இறந்தவர்களின் பெயர்களை ஒரே தாயிடம் நான்கு தடவை கேட்டவர்கள் இருந்தார்கள். அழவைத்துக் கதை கேட்டுவிட்டுப் பின்னேரம் வாகனம் ஏறிப் போனவர்களும் இருந்தார்கள். ஒரு குடும்பம் சொன்ன இரகசியம் அடுத்த நாள் தண்ணீர் வரிசையில் பேச்சானது. அவர்களும் நல்ல எண்ணத்தோடு வந்தவர்களே. தொட்ட புண்ணை மூடத் தெரியாமல் திறக்கக்கூடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2007இல் ஐ.நா. சார்ந்த நிறுவனங்கள் ஒன்றுகூடி அனர்த்தகால உளசமூக உதவிக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, தீங்கு செய்யாதிருத்தலை அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்ததன் காரணம் இதுவே.

பட்டம் எதைக் கற்பிக்கிறது?

நான்கு ஆண்டுப் படிப்பு. மனித வளர்ச்சி, சமூகவியல், உளவியல், சட்டம், சமூகக் கொள்கை, ஆய்வு முறை ஆகியவை வகுப்பறைப் பாடங்கள். தனிநபரோடும் குடும்பத்தோடும், குழுக்களோடும், ஊர்ச் சமூகத்தோடும் பணிசெய்யும் முறைகள் இப்படிப்பின் முதுகெலும்பு. எல்லாவற்றிலும் முக்கியமானது களப்பயிற்சி. எமக்கு உள்ளகப் பயிற்சி எப்படியோ, அவர்களுக்குக் களம் அப்படி. மாணவி தான் கண்டதையும் செய்ததையும் எழுதி, மேற்பார்வையாளர் முன் வைக்கவேண்டும். "ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டாய்? அந்த இடத்தில் ஏன் மௌனமாக இருக்கவில்லை?" என்று அவர் கேட்பார். அந்த மாணவி முதல் நாள் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தது தற்செயல் அல்ல. அது அவள் கற்ற பாடம். எனக்கு அந்தப் பாடத்தை எந்த மருத்துவப் பேராசிரியரும் கற்பிக்கவில்லை.

2014இல் மெல்பேணில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரைவிலக்கணம், சமூக நீதி, மனித உரிமை ஆகியவற்றோடு அந்தந்த மண்ணின் சுதேச அறிவையும் இத்துறையின் அடித்தளமாகச் சொல்கிறது. இங்கேதான் எமக்கு ஒரு கடமை இருக்கிறது. இத்துறையின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்குவித்தார். சமூகப்பணிக்கு அப்படி ஒருவர் தேவை. அந்தத் தாய் சொன்ன "முகத்தில முழிக்கிறது" என்ற சொல்லில் உள்ள வெட்கத்தையும் கடப்பாட்டையும் ஆங்கிலப் பாடநூல் ஒன்றிலிருந்து எம் பிள்ளை கற்கமாட்டாள். ஆங்கிலத்தையும் படித்து, எமது தாய்மாரின் பேச்சையும் அறிந்தவளே அந்த நூலை எழுதமுடியும்.

தங்கையருக்கும் பெற்றோருக்கும்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவம் கிடைக்காத பிள்ளை அழுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். சமூகப்பணியை அப்பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக நான் காட்டவில்லை. மருத்துவம் கிடைக்கக்கூடிய பிள்ளையும் விரும்பித் தெரிவுசெய்யத் தகுந்த படிப்பு அது. வைத்தியசாலை, சிறுவர் நன்னடத்தை, மாற்றுத்திறனாளர் சேவை, முதியோர் பராமரிப்பு, பாடசாலை எனப் பணியிடங்கள் பல. சம்பளமும் மதிப்பும் இன்னும் போதாது என்பதையும் மறைக்கமாட்டேன். அவை உயரவேண்டுமானால் தகுதியுள்ளவர்கள் உள்ளே போகவேண்டும்.

பழைய மாணவியர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஆண்டுக்கு ஒரு மாணவிக்கேனும் சமூகப்பணி இளமாணி கற்கப் புலமைப்பரிசில் ஏற்படுத்துவோம். மாந்தை மேற்கின் ஒரு கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு முதலிடம் கொடுப்போம். அவளுடைய விடுதிச் செலவில் ஒரு பங்கை முதலாவதாக நான் தருகிறேன். நான் கடிந்து அனுப்பிய அந்தத் தாய்க்குச் செலுத்தவேண்டிய கடன் ஒன்று என்னிடம் இருக்கிறது.