சுசீந்திரம் திருக்கோயில் நிருவாகமும் வழக்க மாற்றமும்

நாஞ்சில் நாட்டில் பழையாற்றின் கரையில் விளங்கும் சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயில், சிற்பச் சிறப்பாலும் இசைத்தூண்களாலும் பெரிதும் அறியப்பட்டது. பலர் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றிய ஒரு நிறுவனம் என்னும் நிலையிலும் அது ஆராயத்தக்கது. டாக்டர் கே. கே. பிள்ளை அவர்கள் 1953-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறைக்கு வழிகோலியது. ஒரு நிறுவனத்தின் தலைமை மாறுதல் வேறு. அதில் ஒழுகுவாரின் வழக்கம் மாறுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலபருடையும் யோகமும்

இக்கோயிலின் காரியங்களை நடத்திய அவையைக் கல்வெட்டுகள் 'மூலபருடை' என்று குறிக்கின்றன. 'பரிஷத்' என்னும் வடசொல்லே 'பருடை' எனத் தமிழ் வடிவம் கொண்டது. பிற்காலத்தில் அவ்வதிகாரம் யோகக்காரர் எனப்பட்ட போற்றிமாரிடம் இருந்தது. நிலம், வருவாய், வழிபாடு, பணியாளர் ஆகிய நான்கும் ஓர் அவையின் கையிலேயே அடங்கியிருந்தன.

1811-ஆம் ஆண்டு ஏற்பு

திருவிதாங்கூரில் ஆங்கில ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, 1811-இல் சுசீந்திரம் உள்ளிட்ட பெருங்கோயில்களை அரசின் நிருவாகத்தில் கொணர்ந்தார். கோயில் நிலங்கள் அரசு நிலத்தோடு சேர்க்கப்பட்டன; செலவு கருவூலத்திலிருந்து அளிக்கப்பட்டது. யோகக்காரர்க்குச் சடங்குரிமைகளே எஞ்சின. எனினும் கோயிலினுள் நிகழ்ந்த வழக்கங்கள் அவ்வாண்டோடு மாறினவல்ல. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பெற்ற நம்பூதிரிமார் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தூய்மையை மெய்ப்பிக்கும் 'கைமுக்கு' என்னும் சோதனை, சுவாதித் திருநாள் ஆட்சிக்காலத்தில் (1829–1846) தான் ஒழிக்கப்பட்டது. கணக்கை அரசு ஏற்று ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்த பின்னரே அக்கொடுமை நீங்கியது என்பது கருதத்தக்கது.

இதனினும் வியப்புடையது மற்றொன்று. கோயில்களை நிலவரித் துறையே நடத்தியமையால், கோயிலுள் நுழைய உரிமையற்றோர்க்கும் பிற சமயத்தார்க்கும் அத்துறையில் பணி மறுக்கப்பட்டது. அரசு கோயிலை ஏற்றது. கோயிலின் தீட்டு வழக்கமோ அரசு அலுவலகத்துள் புகுந்தது. குடியுரிமைக் கிளர்ச்சியின் பயனாக 1922-இல் தேவசம் துறை தனியே பிரிக்கப்பட்ட பின்னரே நிலவரித் துறையின் வாயில் அன்னோர்க்குத் திறந்தது. ஒரு வழக்கத்தைக் காப்பவரை விலக்காமலே, அது செல்லும் எல்லையைக் குறுக்கிய சீர்திருத்தம் இது.

வீதியிலிருந்து கருவறை நோக்கி

வைக்கம் போராட்டத்தை (1924–25) அடுத்து, சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் யாவரும் நடக்கும் உரிமைக்காக 1926-இலும் 1930-இலும் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. டாக்டர் எம்பெருமாள் நாயுடு அதன் முன்னணியில் நின்றார். 1932-இல் ஆலயப் பிரவேசம் பற்றி ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1936 நவம்பர் 12-இல் மன்னர் சித்திரைத் திருநாள், திவான் சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில், ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். ஆணை ஒரு நாளில் பிறந்தது எனினும், அதற்கு முந்திய பத்தாண்டுகள் மக்கள் மனத்தை உழுது வைத்திருந்தன.

மதுரையை ஈண்டு ஒப்பிடலாம். 1939 சூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தபோது, நிருவாக அதிகாரி ஆர். எசு. நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்களுள் சிலரோ பூசை செய்ய மறுத்தனர். அதிகாரியின் துணிவு ஒருபுறம் நிற்க, நாள்தோறும் பணிசெய்வோரின் இசைவு தனியே ஈட்டப்படவேண்டிய பொருள் என்பது இதனால் புலனாகும்.

முடிவுரை

1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின், இக்கோயில் மற்றொரு நிருவாகத்தின் கீழ் வந்தது. மாவட்டத் தேவசத்தின் அலுவலகமும் சுசீந்திரத்திலேயே அமைந்தது. அவை, அரசு, துறை எனத் தலைமை பலமுறை மாறிய இவ்வரலாறு இரண்டை உணர்த்துகின்றது. முன்னே விவாதமும் பின்னே ஆணையும் வந்தவிடத்து மாற்றம் நிலைத்தது. ஆணை மட்டும் வந்தவிடத்துப் பழைய வழக்கம் புதிய பெயரோடு வாழ்ந்தது. மற்றொன்று, 1811-இல் உள்ளூர் அவையின் குறையோடு அதன் பொறுப்புணர்வும் சேர்ந்து நீங்கியது. அதனை எவ்வாறு மீட்பது என்னும் வினா, நிறுவனங்களைத் திருத்த முற்படும் எவர் முன்னும் இன்றும் நிற்கின்றது.