உக்குவதற்கென்று அடைத்த வேலி

யாழ்ப்பாணத்து ஓலை வேலியைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் அதை ஒரு மறைப்பாகவே பார்த்திருக்கிறார்கள். ‘கிடுகு வேலிக் கலாசாரம்’ என்ற தொடர் ஒரு வசையாகவே நிலைத்துவிட்டது. மூடிய மனம், பொட்டுக்குள்ளால் அயலை வேவுபார்க்கும் கண், அங்குலக் கணக்கில் நடக்கும் எல்லை வழக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். வசையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மறைப்பதுதான் முழு நோக்கம் என்றால், ஓரிரு மாரிக்குள் உக்கிப்போகிற ஓலையைத் தேர்ந்தெடுத்து, பிரித்தும் அடைத்தும் தலைமுறை தலைமுறையாக ஏன் மாரடிக்க வேண்டும்? தோண்டிய இடமெல்லாம் சுண்ணக்கல் கிடைக்கிற ஊர் அது. அந்த வேலி உக்குவதற்கென்றே அடைக்கப்பட்டது என்பதுதான் என் வாதம்.

வேலியைக் கிட்ட நின்று பார்த்தால் அதில் இரண்டு வகை ஆயுள் இருப்பது தெரியும். ஒன்று கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு இவற்றின் தடியை வெட்டி நட்டால் அதுவே வேர்விட்டு மரமாகிவிடும். தாத்தா நட்ட கதியாலில் பேரன் ஓலை கட்டுவான். மற்றது அந்த ஓலை. பனையோலையையோ, தென்னோலையை ஊறப்போட்டுப் பின்னிய கிடுகையோ வரிச்சோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்து மாறி மாறி வாங்குவார்கள். அடியில் கறையான் ஏறும், மேலே வெயில் காய்ச்சும், மாரி நனைக்கும். காலம் வந்ததும் கட்டை வெட்டிவிட்டால் பழைய ஓலை முழுதாகக் கீழே விழும். கதியாலுக்கு ஒன்றும் ஆகாது. கழற்றுவது இவ்வளவு சுலபம் என்பது தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. கழன்ற ஓலை குப்பைக்கும் போகவில்லை. தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகப் போனது. கதியாலில் வெட்டிய குழையில் ஆடு தின்றது போக மிச்சமும் அதே மண்ணுக்குத்தான்.

இதன் காரணம் குடாநாட்டின் மண்ணில் இருக்கிறது. சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்மண் பல இடங்களில் ஆழமில்லாதது. ஆண்டுதோறும் வண்டல் கொண்டுவந்து கொட்ட ஓர் ஆறும் இல்லை. கிணற்று நீரை இறைத்து இறைத்துப் பயிர் செய்யும்போது மண்ணின் சத்து நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பிப் பயிரான புகையிலையோ பசளையை வாரி விழுங்கும் பயிர். ஆகவே சத்தை எங்கிருந்தாவது சுமந்துவர வேண்டியிருந்தது. பனை நிற்பது பெரும்பாலும் வேறொன்றும் விளையாத மணலிலும் கலட்டியிலும். அதன் வைரமான மரம் ஒல்லாந்தர் காலத்திலேயே சிலாகையாகக் கடல் கடந்து விலைபோனது. ஓலை ஊரிலேயே தங்கியது. தரிசு நிலத்தில் பனை உறிஞ்சிய சத்து, ஓரிரு ஆண்டு வேலியாக நின்றுவிட்டு, உக்கிய பதத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பச்சையாகப் புதைத்திருந்தால் உக்கும் காலம் முழுவதையும் மண்ணே சுமந்திருக்கும். வேலியில் நின்றபோது அந்தக் காலத்தின் ஒரு பகுதி காவலாகவும் நிழலாகவும் பயன்பட்டது.

இதெல்லாம் ஏழ்மைக்குப் பூசும் சாயம், சீமெந்து வாங்க வக்கில்லாதவன் ஓலை கட்டினான், அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கல்லால் நாற்சார் வீடு கட்டிச் கூரை போட்ட வாசலான சங்கடப்படலை வைத்த வசதிக்காரரின் வளவையும் ஓலை வேலி சுற்றியிருந்தது. அழிவதற்கென்று ஒரு பாகத்தை ஒதுக்கிவைப்பது வறுமையின் அடையாளமும் அல்ல. இன்று மரக்கதவில் சித்திரம் செதுக்கும் சிஎன்சி ரூட்டரையே பாருங்கள். காற்றை உறிஞ்சி மரத்தைப் பிடித்துவைக்கும் மேசையின் மேல் ஓர் எம்டிஎஃப் பலகையை விரித்திருப்பார்கள். உறிஞ்சும் காற்று அதன் நுண்துளைகளினூடே போகும். வெட்டலகு மரத்தைத் தாண்டி இறங்கும்போது கீறல் வாங்குவதும் அதுதான். மேற்பரப்பைச் சீவிச் சீவிப் பயன்படுத்தி, மெலிந்ததும் கழற்றிப் புதிதாகப் போடுவார்கள். விலை கூடிய இயந்திரத்தில் மலிவான பலகை தேய்வதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வேலி ஓலை ஒரு படி மேல். கழன்ற பிறகும் அதற்கு வேலை இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு உழைப்பைப் பற்றியது. பனையேறி ஓலை வெட்டியவரும் மண்ணைக் கொத்திப் புதைத்தவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். 1844இல் சட்டம் அடிமை முறையை ஒழித்த பின்னும் சாதிவழிக் கட்டாய ஊழியமான குடிமைத் தொழில் என்ற பெயரில் அந்தப் பிடி நெடுங்காலம் தளரவில்லை. மலிவான கை இல்லாமல் இந்தச் சுழற்சி இவ்வளவு காலம் ஓடியிருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒழிய வேண்டியது அந்தப் பிடி. ஓலை மண்ணுக்குப் போன வழியும் அதோடு சேர்ந்து ஒழிய வேண்டும் என்பதில்லை. எல்லைச் சண்டை பற்றிய மறுப்பை நான் அவ்வளவு பெரிதாக எடுக்கமாட்டேன். வேலி அடைக்கும் சாக்கில் கதியாலை நகர்த்தியவர்கள் உண்டு. ஆனால் முற்றி வேரோடிய கதியாலை இரவோடிரவாக நகர்த்த முடியாது. எல்லைக்கு அதுவே சாட்சி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமை, அயலார் நிலத்தின் மேல் சாய்ந்த மரத்தின் பயன் யாருக்கு என்பதுவரை பேசுகிறது. எல்லையில் வளரும் மரம் அந்தச் சமூகத்துக்குப் பழகிய சிக்கல்தான்.

வேலி மதிலானது எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால் அல்ல. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. குடாநாட்டின் சுண்ணக்கல்லே சீமெந்தானது. 1990இல் போர் அதை மூடியது. பொருளாதாரத் தடையில் சீமெந்தும் சேர்ந்ததால் ஓலை வேலிக்கு இன்னும் கொஞ்சக் காலம் ஆயுள் நீண்டது. அதே போர் பனைகளைப் பதுங்குகுழிக்குத் தறித்தும் தீர்த்தது. 2009க்குப் பின் பாதை திறந்து, வெளிநாட்டுக் காசும் வந்தபோது, ஏறி வெட்டவும் கட்டவும் கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாகியிருந்தது. மதிலுக்கு அத்திவாரம் வெட்டியவர்கள் கதியாலையும் கிளப்பி எறிந்தார்கள். தோட்டத்துக்கு யூரியாப் பை ஏற்கெனவே பழகியிருந்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரசாயன உரத்தோடு மலக்குழிகளுக்கும் அதில் பங்குண்டு. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் கைவிட்டது. அந்த மாதங்களில் எல்லோரும் சேதனப் பசளையைத் தேடி அலைந்தபோது, குழை வெட்டக் கதியாலோ பிரித்துப் புதைக்க ஓலையோ பல வளவுகளில் இருக்கவில்லை. கதியால் நட்டுக் குழைக்கு வர ஒரு போகம் போதாது.