சிவப்புக் கோட்டும் ஈரச் சட்டையும்



வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், மகள் பள்ளியின் துடுப்புப் படகுக் குழுவில் சேர்ந்ததாகப் படம் போட்டிருந்தார். மகளுக்கு உடம்போடு ஒட்டிய ஒற்றை உடை. அப்பா அம்மாவுக்கு அதே வண்ணத்தில் குளிர்கோட்டு. "ஒரு விளையாட்டுக்கு இத்தனை துணியா சார்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒட்டிய உடைக்குக் காரணம் எளிது. பந்தயப் படகில் இருக்கை சக்கரத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும். துடுப்பின் பிடி ஒவ்வொரு முறையும் வயிற்றருகே வந்து போகும். தொளதொளச் சட்டை இரண்டிலும் மாட்டிக்கொள்ளும்.

வண்ணத்தின் கதை பழையது. கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1825இல் லேடி மார்கரெட் படகுச் சங்கம் தொடங்கியது. அவர்களுடைய கோட்டு நெருப்பாய் எரியும் சிவப்பு. அதனால்தான் 'பிளேசர்' என்ற பெயரே வந்தது என்பார்கள். இன்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் போட்டுக்கொண்டு வியர்க்கிறார்களே, அதே பிளேசர்தான்!

அந்தக் கோட்டு 'இவன் நம்மவன்' என்று சொன்னது. 'நீ நம்மவன் இல்லை' என்றும் சொன்னது. தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி படகுப் போட்டி 1839இல் தொடங்கியது. அங்கே 1879இல் வந்த விதி, கையால் உழைத்துப் பிழைப்பவர்களை ஒதுக்கி வைத்தது. அது நீங்க 1937 வரை ஆயிற்று.

பெண்கள் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1969இல்தான் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தார்கள். சில ஆண்டுகளில் பெண்கள் படகுக் குழுவும் வந்தது. ஆனால் படகுத்துறையில் குளிக்கவும் உடை மாற்றவும் ஆண்களுக்கு மட்டுமே இடம். பயிற்சி முடிந்ததும் பையன்கள் வெந்நீரில் குளிப்பார்கள். அவர்கள் வரும்வரை பெண்கள் பேருந்தில் காத்திருக்க வேண்டும். மேலே வியர்வையும் ஆற்று நீரும் ஊறிய சட்டை, வெளியே கடுங்குளிர். துடுப்பு வலிக்கும்போது உடம்பு கொதிக்கும். நிறுத்தியதும் அந்த ஈரமே உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். நோய் வர வேறென்ன வேண்டும்?

கேட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. 1976 மார்ச் 3ஆம் தேதி, கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பெண்கள் பெண்களுக்கான உடற்கல்வி அதிகாரியின் அறைக்குள் போனார்கள். மேலாடையைக் கழற்றித் திரும்பி நின்றார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் 'டைட்டில் ஒன்பது' என்று எழுதியிருந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அது. எர்ன்ஸ்ட் அறிக்கையை வாசித்தார். செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. நாடே பார்த்தது. பெண்களுக்கும் குளியலறை கட்டப்பட்டது.

அதே 1976இல்தான் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் துடுப்புப் படகுப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. எர்ன்ஸ்ட் அதிலும் கலந்துகொண்டார்.

சீருடை கிடைத்துவிட்டால் சமமாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். யேல் பெண்களுக்குச் சீருடை இருந்தது, படகு இருந்தது, துடுப்பும் இருந்தது. நனைந்ததை மாற்ற ஓர் அறைதான் இல்லை.

அதனால் பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகோ, கபடியோ, கைப்பந்தோ, பிள்ளையை விளையாட்டில் சேர்க்கும்போது உடையின் விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். மகன் மட்டும் படிக்கும் வீட்டாரும் கேளுங்கள்.