29 அணிகளும் வேண்டாம் என்ற பிட்சர்: யார் இந்த லியாம் ஹென்ட்ரிக்ஸ்?

2018 ஜூன். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணி 29 வயது ஆஸ்திரேலியர் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொண்டிருக்கலாம். 29 அணிகளில் ஒன்றுகூட எடுக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் ஆல்-ஸ்டார். 2021 ஜனவரியில் அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் 5.4 கோடி டாலர். நடுவில் என்ன மாறியது?

ரிலீவர் என்பவர் யார்?

பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். தொடங்கி வைக்கும் 'ஸ்டார்ட்டர்' பொதுவாக ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். பிறகு வருபவர்கள் ரிலீவர்கள். முன்னிலையைக் காப்பாற்றக் கடைசியில் வருபவர் 'க்ளோசர்'. நம்ம கிரிக்கெட்டின் டெத் ஓவர் பௌலர் மாதிரி. 3 ரன் அல்லது அதற்கும் குறைவான முன்னிலையோடு வந்து, கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியோடு முடித்தால், அவர் கணக்கில் ஒரு 'சேவ்' சேரும்.

ஸ்டார்ட்டராக என்ன ஆனது?

பெர்த்தில் பிறந்த ஹென்ட்ரிக்ஸ், 2007-ல் மின்னசோட்டா ட்வின்ஸில் ஒப்பந்தமாகி, 2011-ல் மேஜர் லீக்கில் அறிமுகமானார். மூன்று சீசனில் 2 வெற்றி, 13 தோல்வி. 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்களைச் சொல்லும் இ.ஆர்.ஏ 6.06. இது குறையக் குறைய நல்லது. 6 என்பது ரொம்பவே மோசம். அடுத்த ஓராண்டுக்குள் கப்ஸ், ஓரியோல்ஸ், ப்ளூ ஜேஸ், ராயல்ஸ், மறுபடியும் ப்ளூ ஜேஸ் எனக் கைமாறிக்கொண்டே இருந்தார்.

திருப்பம் எங்கே?

2015-ல் ப்ளூ ஜேஸ் அவரை முழுநேர ரிலீவராக்கியது. ஸ்டார்ட்டரை ஒரே பேட்டர் இரண்டு, மூன்று முறை சந்திப்பார், பந்து பழகிவிடும். ரிலீவருக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான். சக்தியை மிச்சம் பிடிக்கவும் தேவையில்லை. மணிக்கு 145 கி.மீ. சுற்றி இருந்த ஹென்ட்ரிக்ஸின் வேகம், பிற்பாடு 155 கி.மீ. அளவுக்கு ஏறியது.

ஆனால் ஏற்றம் நேர்கோடாக இல்லை. 2018-ல் நீக்கப்பட்டு, கீழ்நிலை லீக்கில் ஆடி, செப்டம்பரில்தான் திரும்பினார். அதன் பிறகு வந்தவை:

• 2019: இ.ஆர்.ஏ 1.80, 25 சேவ், 124 ஸ்ட்ரைக்அவுட்
• 2020: அமெரிக்கன் லீக்கின் சிறந்த ரிலீவர்
• 2021: சிகாகோ ஒயிட் சாக்ஸில் 38 சேவ், லீக்கிலேயே அதிகம், அதே விருது மீண்டும்

2021-ல் 113 பேட்டர்களை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர், 'வாக்' கொடுத்தது வெறும் 7 முறை. வேகத்தோடு கட்டுப்பாடும் சேர்ந்ததுதான் அவருடைய பலம்.

மைதானத்துக்கு வெளியே?

2023 ஜனவரியில், தனக்கு நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா புற்றுநோய் இருப்பதாக அறிவித்தார். அது நான்காம் நிலையில் இருந்தது. கீமோதெரபி முடிந்து, ஏப்ரலில் புற்றுநோய் நீங்கிவிட்டதாகச் சொன்னார். மே 29 அன்று மைதானத்தில் இருந்தார்! ஐந்தே ஆட்டங்கள், ஆகஸ்டில் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டின் சிறந்த மறுவருகை வீரர் விருது அவருக்குத்தான்.

2024-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. ஒரு சீசன் முழுக்க காத்திருந்து, 2025-ல் மறுபடி பந்து வீசினார்.

ட்வின்ஸில் தோற்றதும், ஒயிட் சாக்ஸில் ஜெயித்ததும் ஒரே கைதான். 6.06 பொய்யான எண் இல்லை. ஆனால் அது ஒரு வேலைக்கான மதிப்பெண். ஆளுக்கான மதிப்பெண் அல்ல.